மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன்

"ஏன் வந்தது?"

கொழும்பில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட வானை மறித்து, கதவை இழுத்துத் திறந்து, தலையை உள்ளே விட்டுக் கேட்ட சிப்பாய்க்கு இருபது வயதிருந்தால் அதிகம். தமிழில் அவன் படித்து வைத்திருந்தது அந்த இரண்டு சொற்கள்தான் போலிருந்தது. வெள்ளவத்தை போய்ச் சேருமுன் அதே கேள்வியை வேறு வேறு சாவடிகளில் வேறு வேறு பையன்கள் கேட்டார்கள். நானும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொன்னேன்.

"அக்காவைப் பாக்க."

பாதி உண்மை. பார்க்க மட்டுமல்ல, கூட்டிக்கொண்டு போகவும்தான் வந்திருந்தேன். ஆனால் வான்காரர் முதலே எச்சரித்துவிட்டார். "தங்கச்சி, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. லண்டனிலை மாதிரி இஞ்சை விளக்கம் குடுக்க வெளிக்கிட்டால் நாங்கள் பின்னேரம் வரைக்கும் றோட்டிலைதான்."

அக்கா யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சர். கலியாணம் செய்யவில்லை. அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்து அனுப்பிய பிறகு, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நேரம் அவளும் வெளிக்கிட்டு, வன்னியில் கொஞ்சக் காலம் அலைந்து, கொழும்புக்கு வந்தவள். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட ஒரு வீட்டில் இருந்தாள். பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன். நான் லண்டன் போய்ப் பல வருடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் "வா அக்கா, வா அக்கா" என்று அழுவேன். "ஓமடி, வாறன்" என்பாள்.

என்னைப் பற்றி எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அக்கா இல்லாத லண்டன் எனக்கு ஒட்டவே இல்லை. அந்த ஊரை நான் ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை, "இருக்கிற இடம்" என்றுதான் சொல்வேன். அக்கா வந்து, என் தையல் மெசின் நிற்கும் சின்ன அறையில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்தாளென்றால்தான் அது வீடு. இதை நான் சொல்லாத ஆளில்லை. வேலையிடத்து ஆபிரிக்கப் பெண்களுக்குக்கூட அக்காவின் கதை பாடம்.

வாசலில் நின்ற அக்கா மெலிந்து, தலைமயிர் பஞ்சாகியிருந்தாள். நான் கட்டிப்பிடித்து அழ, அவள் என் தோளுக்கு மேலால் பெட்டிகளைப் பார்த்தாள். "என்னடி இது, பெட்டியோடை வந்தியோ கடையோடை வந்தியோ?"

அன்று காலை இடியப்பமும் சொதியும் சம்பலும். லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் வாங்கும் குளிரில் விறைத்த இடியப்பத்தைப் பிரித்தால் கயிறு மாதிரி வரும். இது வாயில் வைக்கக் கரைந்தது. நான் வெட்கமில்லாமல் தின்ன, அக்கா போன தடவை விசாவுக்குப் போன கதையைச் சொன்னாள்.

சுற்றுலா விசா கேட்கிறவரிடம் தூதரகத்துக்காரர் அறிய விரும்புவது ஒன்றுதான்: நீ ஏன் திரும்பி வருவாய்? புருசன் இல்லை, பிள்ளை இல்லை, ஊரில் வீடு இருக்கிறதோ இடிந்து போச்சோ தெரியாது. இப்படியொரு மனுசி எதற்காகத் திரும்பப் போகிறாள்?

"நீ என்ன சொன்னனி?"

"யோசிச்சனான்."

"என்னது?"

"கேட்டால் யோசிச்சுத்தானேயடி சொல்லோணும்? கணக்கெண்டாலும் அப்பிடித்தானே. நான் யோசிச்சு முடியமுதல் அவன் புத்தகத்தை மூடிப் போட்டான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் திட்டம் எல்லோருடைய திட்டமும்தான். மூன்று மாத விசாவில் வந்து இறங்கினால் போதும், பிறகு அங்கேயே நின்றுவிட வழி பார்க்கலாம். அந்த மூன்று மாதத்துக்காக ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதா? தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக் கொட்டாஞ்சேனையில் ஒரு மாஸ்டர் இருந்தார். மறுநாளே புறப்பட்டோம்.

கொழும்பு பஸ்ஸில் ஏறுவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். லண்டனில் பஸ் ஆளுக்காக நிற்கும், இங்கே ஆள்தான் ஓடவேண்டும். கொண்டக்டர் என்னை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளி, "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்திக்கொண்டே இருந்தான். முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ. முன்னுக்கு எங்கே போவது, சாரதியின் மடியில்தான் இடமிருந்தது. கோட்டைப் பக்கம் யாரோ பெரியவர் போகிறாரென்று பாதையை மறித்து, பஸ்ஸை எங்கெங்கோ திருப்பிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் இறங்க வேண்டிய நாங்கள் நெரிசலில் இறங்க முடியாமல் முகத்துவாரம் வரைக்கும் போய்விட்டோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "கடல் பாக்க வந்தீங்களோ? வெள்ளவத்தையில கடல் இல்லையா?" என்று கேட்டார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்கு எரிச்சல்.

மாஸ்டர் முன்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மாதாவின் படத்துக்குக் கீழே ஓர் ஆணி, அதில் தொங்கும் ஒரு நீலக் கழுத்துப்பட்டி. பாடம் தொடங்கும்போது அதை எடுத்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் இருப்பார். பட்டி கழுத்தில் இருக்கும்வரை அவர் வெள்ளைக்காரர். ஒரு சொல் தமிழில் பேசமாட்டார், தண்ணீர்கூட இங்கிலீசில்தான் கேட்பார்.

அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அக்கா வழக்கம்போல யோசித்தாள். மாஸ்டர் மேசையில் ஓங்கித் தட்டிவிட்டுக் கழுத்துப்பட்டியைக் கழற்றினார்.

"டீச்சர், நேரம் எடுத்தால் பொய். விளங்குதோ? பேர் என்னெண்டு கேட்டால் யோசிப்பியளோ? உண்மை நிண்டு யோசிக்காது."

"எனக்குத் திரும்பி வாற எண்ணமில்லையே மாஸ்டர். பிறகு எப்பிடி யோசிக்காமல் சொல்லுறது?"

"அதுக்குத்தானே என்னட்டை வந்தனீங்கள். நான் ஆரையும் பாடமாக்க விடுறேல்லை. நாளையிலை இருந்து காணுற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுங்கோ, லண்டன் போறன், மூண்டு மாசத்திலை திரும்பி வந்திடுவன் எண்டு. கடைக்காரன், மீன்காரி, படிக்க வாற பிள்ளையள், ஒருத்தரையும் விடாதேங்கோ. ஏன் எண்டு கேப்பினம். அந்த இடத்திலேயே வாயிலை வாறதைச் சொல்லுங்கோ. வாய் பழகிச்செண்டால் கண் தானாப் பழகும்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "மாஸ்டர் எந்தெந்த நாடு போயிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஒரு நாடும் இல்லை" என்றார். "மகனைப் பாக்க மூண்டு தரம் கேட்டனான். மூண்டு தரமும் தரேல்லை. எனக்கு உண்மையாவே திரும்பி வாற எண்ணம் இருந்தது பிள்ளை. அதுதான் பிழைச்சது."

அக்கா பாடத்தை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். அடுத்த நாள் காலை முதல் வேலையாக நிஸாம் நானாவின் பலசரக்குக் கடை. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவரிடம், "நானா, லண்டனுக்குப் போறன். மூண்டு மாசத்திலை வந்திடுவன்" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நானா தராசை அப்படியே விட்டார். "என்ன டீச்சர் சொல்றீங்க? மகள்ட சோதினை ஈக்குதே! நீங்க இல்லாட்டி அவ கணக்குப் பேப்பரத் தொடவும் மாட்டா."

"அதுக்கு முதல் வந்திடுவன் நானா. அவளை விட்டிட்டு நான் அங்கை நிப்பனோ?"

மீன் கொண்டுவரும் சிங்களப் பெண்ணிடம் சிங்களத்திலேயே சொன்னாள். அவள் கூடையை இறக்கிவைத்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னதை அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள்: "மூன்று மாதமா? அதுவரை என் மீனை நாறல் என்று யார் சொல்லுவது? ஒரு நாள் யாரிடமாவது ஏச்சு வாங்காவிட்டால் எனக்கு வியாபாரம் நடக்காது." இரண்டுபேரும் சேர்ந்து சிரித்தார்கள். அக்காவின் அந்தச் சிரிப்பைப் போனில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடேயப்பா, என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ரியூசன் பிள்ளைகள் அழுதார்கள். வீட்டுக்காரர் அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். பின்னேரங்களில் அக்கா ரயில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் போய் நிற்பாள். நான் பக்கத்தில் நின்று காரக்கடலை தின்றுகொண்டு லண்டன் கதை சொல்வேன். குளிர்கால உடுப்பு, பஸ் பாஸ், கோயில், எந்தக் கடையில் முருங்கைக்காய் வரும். அவள் "ஓம், ஓம்" என்பாள். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்பாள், போனதும் திரும்ப அதே கல்.

அந்தக் கிழமையில் ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு. ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டு வீடு வீடாக வந்தார்கள். எல்லோரும் அடையாள அட்டையோடு முற்றத்தில் வரிசையாக நிற்கவேண்டும். நான் என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டியதும் அதிகாரி "சொறி மேடம்" என்று நாற்காலி போடச் சொன்னார். நான் நாற்காலியில் இருக்க, அக்கா நின்றாள். எழும்பி அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன், எழும்பவில்லை.

ஒவ்வொருவரிடமும் கேள்வி அதேதான். கொழும்புக்கு ஏன் வந்தது? கண் வைத்தியம் என்றார் ஒருவர். பாஸ்போர்ட் எடுக்க என்றது ஒரு குடும்பம். அக்கா, "பிள்ளையளுக்குப் படிப்பிக்க" என்று சிங்களத்தில் பட்டென்று சொன்னாள். மூலை அறையில் இருந்த செல்வம் அண்ணையின் முறை வந்தது. வெளிநாடு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்ட் ஆளையே காணோம், ஊரில் போய்ச் சேர ஒருவரும் மிச்சமில்லை. அந்த மனுசன் கேள்வியைக் கேட்டுவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"தெரியேல்லை ஐயா" என்றார்.

அவரை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அந்த வரிசையில் பொய் சொன்னவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்த் தேநீர் வைத்தார்கள். தெரியாது என்று சொன்ன ஒரே ஆளுக்குப் பொலிஸ். அவரவர் தங்களுக்குள்ளே பார்த்துச் சொல்வதென்றால் எத்தனைபேரால் வேறு பதில் சொல்ல முடியும்? ஒரு சனத்தையே பிடித்து வைத்து நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று வருடக்கணக்காகக் கேட்டால், சனம் பதிலைப் பழகிக்கொள்ளும், தன்னை மறந்துவிடும். அன்று முழுக்க எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வீட்டுக்காரர் போய்ப் பொறுப்பெடுத்துச் செல்வம் அண்ணையைக் கூட்டிவந்தார். முகம் வீங்கியிருந்தது. அக்கா தேநீர் கொடுத்தாள்.

"கடைசியா என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"வயித்துக் குத்துக்கு மருந்தெடுக்க வந்தனான் எண்டு சொல்லச் சொல்லிப் பக்கத்திலை இருந்த பெடியன் சொல்லித் தந்தான். அதையே சொல்லிக்கொண்டு இருந்தனான். விட்டிட்டாங்கள்."

"நல்ல காலம்."

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்தார். "இப்ப உண்மையாவே குத்துது தங்கச்சி." அந்த நேரம் அது எங்களுக்குப் பகிடியாக இருந்தது. அவரும் சிரித்தார்.

விசாவுக்குப் போகும் நாள் அக்கா என்னைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியே உள்ளே போனாள். நான் வாகை மரத்தின் கீழ் நின்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். வெளியே வந்தவளின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னக்கா, என்ன கேட்டவை?"

"அதைத்தான் கேட்டவை. சொன்னன்."

"யோசிச்சியோ?"

"இல்லை" என்றாள். "யோசிக்கவே இல்லை."

அடுத்த நாள் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. நான் நடுத்தெருவில் நின்று துள்ளினேன். காலி வீதிக் கடையில் கொத்துரொட்டி வாங்கித் தின்றோம். ரொட்டி கொத்துகிறவர் தட்டும் தாளத்தைக் கேட்க லண்டனிலிருந்து வரலாம். பக்கத்துத் தொலைபேசிக் கடையில் ஏறி லண்டனில் இருக்கும் என் புருசனுக்கு அடித்தேன். அவருக்கும் சந்தோசம். "அப்ப அந்தச் சின்ன அறையை ஒதுக்கட்டோ? உம்முடை தையல் மெசினை எங்கை வைக்கிறது?" என்று கேட்டார்.

"பொறுங்கோ" என்றேன். "ரிக்கெட் போட்ட பிறகு பாப்பம்."

இதே கேள்வியை நான் வெளிக்கிட்ட காலையிலும் அவர் கேட்டிருந்தார். அப்போது, "விசா கிடைக்கட்டும்" என்று சொல்லியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

ரிக்கெட் போட வேண்டிய அன்று காலை அக்கா பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் பாணுக்குச் சம்பல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் வரேல்லை வதனி."

"விசர்க்கதை கதையாதை."

"இல்லையடி. அந்தக் கந்தோரிலை இருந்த வெள்ளைக்காரப் பெட்டை, ஏன் திரும்பி வருவாய் எண்டு கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினன். நானாவின்ரை மகளைப் பற்றி, மீன்காரியைப் பற்றி, கடற்கரைக் கல்லைப் பற்றி. நிப்பாட்ட ஏலாமல் வருது. சொல்லி முடிய எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. நான் பொய் சொல்லேல்லையே எண்டு."

"அது மாஸ்டர் பழக்கின வாயக்கா! கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்!"

"இருக்கலாம்" என்றாள். "அதுதான் எனக்கும் விளங்கேல்லை. முதலே எனக்குள்ளை கிடந்ததை அவர் வெளியிலை எடுத்தாரோ, இல்லாட்டி இல்லாததை உள்ளுக்குப் போட்டாரோ. சமன்பாடெண்டால் விடையைத் திருப்பிப் போட்டுச் சரியோ பிழையோ எண்டு பாக்கலாம். இதுக்கு எதைப் போட்டுப் பாக்கிறது? இவ்வளவு வருசமும் உனக்கு வாறன் வாறன் எண்டு சொன்னனே, அதுவும் சொல்லிச் சொல்லிப் பழகினதுதானோ? எனக்கு என்ன வேணுமெண்டு எனக்கே தெரியேல்லையடி. ஐம்பத்திரண்டு வயசிலை."

அவள் அழுதாள். அக்கா அழுது நான் பார்த்தது அம்மாவின் செத்தவீட்டில். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதிப் பயனில்லை. பஸ்ஸில் கனநேரம் மடியில் வைத்திருந்த பாரத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு இலேசாகப் போய் வந்தது. தையல் மெசின் அங்கேயே இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சத்தியமாக, அந்த நேரத்தில், அந்த மெசின்.

பிறகுதான் கத்தத் தொடங்கினேன். உனக்காக நான் எவ்வளவு அழுதிருப்பேன், உனக்கு மனச்சாட்சி இருக்கிறதா, என்னை ஏமாற்றிவிட்டாய் என்று அந்த வீட்டில் இருந்த எல்லா அறைக்கும் கேட்கும்படி கத்தினேன். எவ்வளவு கத்தினாலும் உள்ளே அந்த இலேசு போகவில்லை. அது போகவில்லை என்பதற்காக இன்னும் உரத்துக் கத்தினேன். செல்வம் அண்ணை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் நகருக்குள் எங்கோ குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பிறகு காகங்கள், பிறகு அம்புலன்ஸ். மருதானைப் பக்கம் என்றார்கள், இல்லை கோட்டை என்றார்கள். அக்கா வாசலில் நின்று, பின்னேர வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் தேடினாள். நானாவின் மகள் கடைசியாக வந்தாள். அக்கா அவளுக்கு முதுகில் ஓர் அடி கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

இனி எனக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காரணம் தானாக வந்து ஜன்னலைத் தட்டிவிட்டது. காலைப் பிடித்தாவது இழுத்துக்கொண்டு போகலாம், ஒருவரும் பிழை சொல்லமாட்டார்கள். நான் அக்காவிடம் போய், "இப்பவெண்டாலும் வாவன்" என்றேன். இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தட்டோ என்று கேட்கிற குரலில் அது வந்தது. அவள் தலையை ஆட்டினாள். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

எத்தனையோ வருடம் என்னுள்ளே இருந்து அழுதவள் யார்? வேலையிடத்தில் அக்கா கதை சொல்லிக் கண்ணைத் துடைத்தவள் யார்? அவளும் நடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். தெரியும் என்று எழுதுகிறேன், உடனே சந்தேகம் வருகிறது. சொல்லிச் சொல்லிச் செல்வம் அண்ணையின் வயிறு குத்தியது போல எனக்கும் நெஞ்சு குத்தியிருக்குமோ. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழியும் எனக்கு அகப்படவில்லை. இனியும் அகப்படாது. இந்த உடம்புக்குள் நாற்பத்து மூன்று வருடம் குடியிருந்தும், இதற்குள் யார் இருக்கிறாள் என்று கேட்டால் வாடகைக்கு வந்தவள் மாதிரி முழிக்கிறேன்.

நான் திரும்பும் நாள் அதே வான்காரர் வந்தார். அக்காவும் வழியனுப்ப ஏறிக்கொண்டாள். வழியனுப்ப வருகிறவர்களை விமான நிலையத்துக்குள் விடமாட்டார்கள், வெளிச் சாவடியோடு சரி. அக்கா எனக்குப் புளிச்சாதம் கட்டி மடியில் வைத்திருந்தாள். களனிப் பாலம் தாண்டி, நீர்கொழும்பு வீதியில் தென்னைகள் வரத் தொடங்கும்வரை இரண்டுபேரும் வெயிலைப் பற்றிக் கதைத்தோம்.

சாவடிக்குக் கிட்ட வாகனங்கள் வரிசையாக நின்றன. அக்கா வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"வதனி, விசா இன்னும் இருக்குத்தானே. இப்ப நான் வாறன் எண்டு சொன்னால்?"

"ஓமக்கா, வா" என்றேன்.

சொன்னேன்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. முன்னால் நின்ற லொறி ஒன்று புகையைக் கக்கிவிட்டு ஓரடி நகரும் அளவு. எனக்கே அது கேட்டது.

"நேரம் எடுத்திட்டாய்" என்றாள் அக்கா. கோபமில்லை. பிள்ளைகளின் கொப்பியில் பிழை போடும்போது வரும் குரல்தான். புளிச்சாதப் பொதியை என் மடிக்கு மாற்றிவைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அவள் சும்மாதான் கேட்டாளா, அல்லது அந்த ஒரு நிமிடம் உண்மையாகவே வர நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. திரும்பக் கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் சிப்பாய் கதவை இழுத்துத் திறந்தான்.

"எங்க போறது?" என்று அக்காவிடம் கேட்டான்.

"தங்கச்சியை விட்டிட்டுத் திரும்பிப் போறன்" என்று சிங்களத்தில் சொன்னாள். ஒரு நொடி எடுக்கவில்லை.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க எங்க..."

"வீட்டை போறன்" என்றேன்.

அவன் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். சிப்பாய் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லண்டன்?" என்றான். நான் தலையாட்டினேன். அக்கா இறங்கி எனக்கு வழிவிட்டாள்.